சத்தத்தை விழுங்காத புல்

“இந்தப் புல்லு மேல பந்து ஓடுனா சத்தம் வருமா பாய்?”

ஹுமாயூனுக்கு முதலில் கேள்வியே விளங்கவில்லை. கடலூர் செம்மண்டலத்தில் செயற்கைப் புல் கடை போட்டு நாலு வருஷமாகிறது. அதற்கு முன்னால் தோஹாவில் பதினோரு வருஷம் கால்பந்து மைதானங்களுக்குப் புல் விரித்தவர். வெயிலுக்கு நிறம் போகுமா, பாம்பு வந்து படுக்குமா, எலி கடிக்குமா என்றெல்லாம் அவரிடம் கேட்டிருக்கிறார்கள். நெல்லிக்குப்பத்திலிருந்து வந்த ஒருவர், மாடு மேய்ந்துவிட்டால் வாரண்டி உண்டா என்று கூடக் கேட்டார். சத்தம் வருமா என்று இதுவரை யாரும் கேட்டதில்லை.

கேட்டவர் அனுப்பிரியா டீச்சர். சிதம்பரத்தில், புவனகிரி சாலையில் உள்ள பார்வையற்றோர் பள்ளியில் தமிழாசிரியை. அவருக்கும் பிறந்ததிலிருந்தே பார்வை கிடையாது. கல்லூரிக் காலத்தில் பார்வையற்ற பெண்கள் கிரிக்கெட் ஆடியவர். இப்போது பள்ளிப் பிள்ளைகளுக்கு ஆட்டம் சொல்லிக் கொடுப்பவரும் அவர்தான். கூட மட்டையோடு வந்திருந்தவள் சத்யப்பிரியா. எட்டாவது படிக்கிறாள், பள்ளி அணியில் முதலில் மட்டை பிடிக்க இறங்குபவள். அவளுக்கும் பார்வை இல்லை. இரண்டு பேரும் பஸ் ஏறி, திருப்பாப்புலியூரில் இறங்கி, ஷேர் ஆட்டோ பிடித்து, கடை வாசலுக்கே வந்து “ஹுமாயூன் பாய் கடைதானே?” என்று நின்றபோது அவர் டீக்கிளாஸைக் கீழே வைத்துவிட்டு எழுந்துவிட்டார்.

“டீச்சர், உங்க தாளாளர் சார்லஸ் சார் திங்கக்கிழமையே ஆர்டர் குடுத்துட்டாங்களே. அம்பது எம்.எம். உசரம். கால்பந்துக்குப் போடுறது. இருக்கறதுலயே ஒசந்தது அதான்.”

“தெரியும். நேத்துதான் சொன்னாரு. அதான் கேட்டுட்டுப் போவலாம்னு வந்தோம்.”

“பாத்துட்டுப் போவலாம்னு...” என்று ஆரம்பித்து ஹுமாயூன் நாக்கைக் கடித்துக்கொண்டார்.

“சும்மா சொல்லுங்க பாய். நாங்களும் அப்படித்தான் சொல்லுவோம். சினிமா பாத்தேன்னுதான் இவளும் சொல்லுவா.”

“ரெண்டு தடவ பாத்தேன்,” என்றாள் சத்யப்பிரியா.

கடைச் சுவர் முழுக்கப் புல் துண்டுகள் தொங்கின, ஜவுளிக்கடையில் துண்டு தொங்குவது போல. ஹுமாயூன் அந்த அம்பது எம்.எம். துண்டை எடுத்து டீச்சர் கையில் கொடுத்தார். டீச்சர் விரல்களை அடிவரைக்கும் விட்டு அளைந்தார். திருப்பி அடிப்பாகத்தை நகத்தால் சுரண்டினார். மூக்கருகே கொண்டுபோய் முகர்ந்தார். பிறகு பையிலிருந்து பந்தை எடுத்தார். வெள்ளை பிளாஸ்டிக் பந்து. உள்ளே பால்ரஸ் இரும்புக் குண்டுகள் போட்டிருந்தன. அசைத்தால் கலகலவென்றது. தரையில் துண்டை விரித்து அதன்மேல் பந்தை உருட்டினார். ஒரு அடி நீளத் துண்டு. பந்து உடனே தாண்டி டைல்ஸில் ஓடிவிட்டது.

“துண்டுல ஒண்ணும் தெரியல. இதையே பெருசா விரிச்சது எங்கயாவது இருக்கா?”

“இருக்காவா? பைபாஸ் ஓரத்துல நான் போட்ட கிரவுண்டே இருக்கு. வாங்க, வண்டியிலயே கூட்டிட்டுப் போறேன்.”

ஹுமாயூனுக்கு அந்த மைதானத்தின்மேல் தனிப் பெருமை. மணி கணக்கில் வாடகைக்கு விடும் கால்பந்துக் களம் அது. மாலையில் இடம் கிடைக்காது. காலையில் காலியாகக் கிடக்கும். கதவைத் திறந்து, இருவரையும் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வரச் சொன்னார்.

சத்யப்பிரியா காலை வைத்ததும் சிரித்தாள். “டீச்சர், பஞ்சு மெத்த.” நாலு எட்டு நடந்து, காலைத் தூக்கி உதறினாள். “என்னவோ குருணை குருணையா ஒட்டுது.”

“ரப்பர்மா. புல்லு நிமிந்து நிக்கறதுக்கு நடுவுல மணலும் ரப்பரும் தூவியிருக்கோம். விழுந்தாலும் அடிபடாது பாரு.”

டீச்சர் பையைத் திறந்தார். தன் தண்ணீர் பாட்டிலை, அது ஸ்டீல் பாட்டில், ஹுமாயூனிடம் கொடுத்தார். “இதான் ஸ்டம்ப்பு. இவளுக்குப் பின்னால வச்சிட்டு நீங்க கீப்பரா நில்லுங்க. கையத் தட்டிக்கிட்டே இருங்க, அப்பத்தான் எனக்கு நேரா போட வரும்.”

ஹுமாயூன் கை தட்டினார். டீச்சர் எதிர்முனைக்கு அடியளந்து நடந்து, திரும்பி, கைதட்டல் வந்த திசைக்குத் தோளை நேராக்கிக்கொண்டார். இவர்கள் ஆட்டத்தில் பந்தை மேலிருந்து வீசுவதில்லை. குனிந்து, தரையோடு உருட்டி விடுவார்கள். மட்டைக்காரி காதை வைத்துக்கொண்டு காத்திருப்பாள்.

“ரெடியா?”

“ரெடி.”

“ப்ளே.”

பந்து வந்தது. ஹுமாயூனின் கண்ணுக்கு நன்றாகவே தெரிந்தது. பச்சைக்குள் பாதி முழுகி, வழுக்கிக்கொண்டு வந்தது. சத்யப்பிரியா முழங்காலை மடித்து, மட்டையைக் கிடையாகப் பிடித்து, ஒரு பக்கமாகத் தலையைச் சாய்த்துக் காத்திருந்தாள். பந்து அவள் மட்டைக்கு ஒரு சாண் தள்ளிக் கடந்து போயிற்று. அவள் இன்னமும் காத்திருந்தாள். பின்னால் பாட்டில் டங்கென்று விழுந்தது.

“பாய், பாட்டில தட்டி விட்டுட்டீங்களா?” என்றாள்.

ஹுமாயூன் குனிந்து பாட்டிலை நிமிர்த்தி வைத்தார்.

“பாய் தட்டலடி. நீ அவுட்டு,” என்றார் டீச்சர்.

“எப்பப் போட்டீங்க?”

ஆறு பந்து போட்டார்கள். மூன்று பாட்டிலில் பட்டது. ஒன்றைக்கூட அவள் தொடவில்லை. நாலாவது பந்துக்கு அந்தப் பெண் மண்டியிட்டுக் காதைப் புல்லோடு வைத்துப் பார்த்தாள். பிறகு இடம் மாறி டீச்சர் மட்டை பிடித்தார். கல்லூரி அணிக்கு ஆடியவர். அவருக்கும் பந்து வந்தது தெரியவில்லை. ரப்பர் ஒட்டிய பந்தைக் கையில் எடுத்து உதறிப் பார்த்தார். கையில் கலகலத்தது. புல்லில் விட்டதும் ஊமையாகிவிட்டது.

“டீச்சர்,” என்றார் ஹுமாயூன் மெதுவாக. “சார்லஸ் சார் எதப் போடலாம்னு எங்கிட்டதான் கேட்டாரு. பார்வை இல்லாத பிள்ளைங்க, விழுந்தா அடிபடக் கூடாது, மெத்துனு இதையே போட்டுடுவோம்னு நான்தான் சொன்னேன்.”

“விழுறதுக்கா பாய் கிரவுண்டுக்கு வர்றோம்?”

“போன வருஷம் நான் ஆறு தடவ விழுந்தேன்,” என்றாள் சத்யப்பிரியா. “முப்பத்தெட்டு ரன்னு எடுத்தேன். ஸ்கோர் நோட்டுல ரன்ன மட்டுந்தான் எழுதியிருக்கு.”

“ஆர்டர் எந்த நெலைமையில இருக்கு?” என்று கேட்டார் டீச்சர்.

“வெள்ளிக்கிழம காலைல ரோல் வெட்டிடுவாங்க. கோயமுத்தூர் பக்கம் ஃபாக்டரி. வெட்டுன பொறவு அது நம்ம சரக்கு. திருப்பி எடுக்கமாட்டாங்க.”

அன்று புதன்கிழமை.

டீச்சர் மட்டையை ஊன்றிக்கொண்டு சொன்னார். “எங்க கிரவுண்டு களிமண்ணு பாய். ஐப்பசியில தண்ணி நின்னா தைவரைக்கும் எறங்க முடியாது. வெயில்ல பாளம் பாளமா வெடிச்சி, பாதம் உள்ள போயிடும். புல்லு வேணும்னு அஞ்சு வருஷமா கேட்டவளும் நான்தான். நெல்லிக்குப்பத்துல ஒரு குடும்பம் அவுங்கம்மா ஞாபகார்த்தமா இதுக்குப் பணம் குடுக்குது. இன்னொரு தடவ யாரும் குடுக்கப் போறதில்ல. இந்தப் புல்லு வந்து எறங்குச்சுன்னா எங்களுக்கு கிரவுண்டு இருக்கும். கிரிக்கெட் இருக்காது.”

ஹுமாயூன் மணியைப் பார்த்தார். பதினொன்றே கால்.

“கொடோனுக்குப் போவோம் டீச்சர். எல்லாத்தையும் விரிச்சிடுவோம்.”

கடைக்குப் பின்னால் இருந்த கொடோனில், வேலை முடிந்து மிஞ்சிய ரோல் துண்டுகள் சுருட்டிக் கிடந்தன. ஒவ்வொன்றாக இழுத்து சிமெண்டுத் தரையில் விரித்தார். ஆள் வரச்சொல்லக்கூடத் தோன்றவில்லை. நடுவில் அவர் மனைவி ஷரீபா வீட்டிலிருந்து போன் போட்டாள்.

“மச்சான், சாப்பாட்டுக்கு வருவீங்களா?”

“புல்லு விரிச்சிக்கிட்டிருக்கேன் புள்ள.”

“அதான் தெனமும் விரிக்கிறீங்களே.”

“இன்னிக்கி வேற மாதிரி. சொன்னா உனக்குப் புரியாது. எனக்கே இப்பத்தான் புரியுது.”

முதலில் முப்பது எம்.எம். புல். பந்து சத்தமிட்டது, ஆனால் போர்வைக்குள்ளிருந்து பேசுவது போல. அடுத்தது ஹாக்கிக்குப் போடும் வகை. புல் குட்டைதான், அடியில் நுரைப் பாய் ஒட்டியிருந்தது. டீச்சர் காலால் அமுக்கிப் பார்த்துவிட்டு, “இதுக்குத் தொண்ட அடைச்சிருக்கு,” என்று ஒதுக்கினார். மூன்றாவதாக, ஒரு கிரிக்கெட் வலைப்பயிற்சிக் கூடத்துக்குப் போட்டு மிஞ்சிய பன்னிரண்டு எம்.எம். நெருக்கமான இழை. தேங்காய்நார் மிதியடி போல முரடு. ஹுமாயூன் வழக்கமாக அதைப் பள்ளிகளுக்குக் காட்டுவதே இல்லை. காட்டினால், “இதுல புல்லே இல்லையே” என்பார்கள்.

டீச்சர் பந்தை உருட்டினார். கொடோன் முழுக்கக் கேட்டது.

சத்யப்பிரியா சுவரோரம் நின்றிருந்தவள் நிமிர்ந்தாள். “டீச்சர், இன்னொருக்கா.”

இன்னொரு முறை உருட்டினார். பந்து எங்கே கிளம்பியது, எவ்வளவு வேகம், இடமா வலமா என்று அந்தப் பெண் விரலை நீட்டிச் சொல்லிக்கொண்டே வந்தாள். விரல் பந்தோடு கூடவே நகர்ந்தது. ஹுமாயூன் பந்தைப் பார்ப்பதை விட்டுவிட்டு அந்த விரலைப் பார்த்தார். தோஹாவில் லட்ச ரூபாய்க் கருவியை வைத்துப் பந்து உருளும் தூரத்தை அளப்பார்கள். இந்த விரலுக்குத் தெரிவது அந்தக் கருவிக்குத் தெரியாது என்று நினைத்துக்கொண்டார்.

“கொஞ்சம் மணல் தூவிப் பாப்பமா பாய்?”

“ரப்பர் இல்லாம, மணல் மட்டுமா?”

“மணல் மட்டும்.”

தூவினார், துடைப்பத்தால் பரத்தினார். சத்தம் இன்னும் திருத்தமாக வந்தது. ஹுமாயூன் ஒரு பிடி மணலை அள்ளிப் பார்த்தார். பதினைந்து வருஷம் அவர் மணலைப் புல் நிற்பதற்காகத்தான் தூவியிருக்கிறார்.

“அப்ப எல்லா எடத்துக்கும் இதயே போட்டுடலாமா?”

“ஐயையோ. சின்னப் பிள்ளைங்க ஊஞ்சல், சறுக்கு இருக்கற எடத்துக்கு மெத்துனுதான் வேணும். அங்க விழுறதுதான் வெளையாட்டு. அதுக்கு அந்த முப்பத போடுங்க, அடியில நுரைப்பாய் வச்சி. ரப்பர் வேணாம், வாயில போட்டுக்கும்ங்க. வெயில் நேரத்துல காலு சுடுமா?”

“சுடும். நாலு மணிக்கு மேல ஆடுங்க. இல்லன்னா தண்ணி தெளிக்கணும்.”

“தெளிச்சா சத்தம்?”

“தெரியல டீச்சர்,” என்றார் ஹுமாயூன். வியாபாரத்தில் அந்த வார்த்தையை அவர் அவ்வளவாகச் சொன்னதில்லை. வாளியில் தண்ணீர் கொண்டுவந்து தெளித்து உருட்டிப் பார்த்தார்கள். சத்தம் கொஞ்சம் குறைந்தது. போதும் என்றார் டீச்சர்.

அப்போதுதான் அது நடந்தது. சத்யப்பிரியா ஆசைக்கு மட்டையை எடுத்து, டீச்சர் உருட்டியதை வீசி அடித்தாள். பந்து குட்டைப் புல்லில் கலகலவென்று ஓடி, அதன் கடைசியில் சும்மா விரித்துக் கிடந்த அம்பது எம்.எம். துண்டுக்குள் புகுந்து, சட்டென்று அடங்கியது.

“ஃபோர்,” என்றாள்.

“யாரு சொன்னது ஃபோர்னு?”

“சத்தம் நின்னுடுச்சே டீச்சர்.”

டீச்சர் சத்தம் நின்ற பக்கம் திரும்பினார். பிறகு காலால் தடவித் தடவி அந்த நீளப் புல்லின் விளிம்பு வரை போனார். ஒரு கால் குட்டையிலும் ஒரு கால் நீளத்திலுமாக நின்றார். “பாய், இத எல்லைக்கு வச்சா? கிரவுண்டைச் சுத்தி ஒரு மீட்டர் அகலத்துக்கு. ஓடி வர்ற பிள்ளைக்கு காலுலயே தெரிஞ்சிடும், எல்ல வந்துடுச்சு, தாண்டுனா சுவருன்னு. பந்து அடங்குனா ஃபோர். இப்ப நாங்க கயிறு கட்டி, தடுக்கித் தடுக்கி விழறோம்.”

அவர் சொல்லி முடிப்பதற்குள் ஹுமாயூன் அட்டைப்பெட்டி ஒன்றைக் கிழித்து அதன் முதுகில் படம் போட ஆரம்பித்திருந்தார். போட்டுவிட்டு, யாரிடம் காட்டுவது என்று விழித்து, ஒவ்வொரு கோட்டையும் வாயால் சொன்னார். டீச்சர் இரண்டு இடத்தில் திருத்தினார்.

வியாழக்கிழமை காலை, குட்டி யானை வேனில் துண்டுகளை ஏற்றிக்கொண்டு ஹுமாயூன் சிதம்பரம் போனார். தாளாளர் சார்லஸ் எழுபதைத் தொட்டவர். பிள்ளைகளில் ஒருத்திக்குக் காலில் முள் குத்தினாலும் அன்று அவருக்குச் சாப்பாடு இறங்காது. அதுதான் சிக்கலாகவும் இருந்தது.

“ஹுமாயூன், மெத்துனு போடணும்னு நீங்கதானே சொன்னீங்க? இப்ப வந்து மிதியடி மாதிரி ஒண்ணக் காட்றீங்க.”

“தப்பா சொல்லிட்டேன் சார். பிள்ளைங்க விழறத மட்டும் நெனச்சேன். ஆடுறத நெனைக்கல.”

“இதுல விழுந்தா முட்டி தேயாதா?”

“தேயும் சார். இல்லன்னு சொன்னா பொய்யாயிடும். முட்டிக்கு உறை வாங்கிக் குடுங்க.”

“அந்தக் குடும்பத்துக்கு நான் டி.வி.ல வர்ற மாதிரி கிரவுண்டுன்னு சொல்லியிருக்கேன். தெறப்பு விழாவுக்கு எல்லாரும் வர்றாங்க.” சார்லஸ் டீச்சர் பக்கம் திரும்பினார். “நீ சொல்றதும் எனக்குப் புரியுதும்மா. வேணும்னா நான் கண்ணக் கட்டிக்கிட்டு ஒரு தடவ நின்னு பாக்கறேன்.”

“வேணாம் சார். நீங்க தடுமாறுறதால எங்களுக்கு என்ன ஆவப்போவுது? கண்ணத் தொறந்துக்கிட்டே பாருங்க. அம்பயரா உக்காருங்க.”

பிரார்த்தனை நடக்கும் சிமெண்டு முற்றத்தில் துண்டுகளை விரித்தார்கள். பந்து வர ஒரு குட்டைப் புல் துண்டு, அடித்த பந்து ஓட இன்னொன்று, அதன் கடைசியில் நீளப் புல். வேப்ப மரத்தடியில் சார்லஸுக்கு நாற்காலி. மூன்று பிள்ளைகள் பந்து தடுக்க நின்றார்கள். கம்பி ஸ்டம்ப் நிறுத்திவைத்தார்கள். மற்றப் பிள்ளைகள் வராந்தாப் படியில் நெருக்கியடித்து உட்கார்ந்தார்கள்.

“யாராவது மூச்சு விட்டீங்கன்னா கொன்னுடுவேன்,” என்றாள் சத்யப்பிரியா அவர்கள் பக்கம் திரும்பி.

முற்றம் அடங்கியது. ரெடியா. ரெடி. ப்ளே.

பந்து குரலெடுத்துக்கொண்டு வந்தது. அவள் முழங்காலை மடித்தாள், மட்டை தரையைத் துடைத்துக்கொண்டு வீசியது, பட்டது. முதல் பந்தை ஒரு பெண் பாய்ந்து விழுந்து நெஞ்சோடு அமுக்கிவிட்டாள். சார்லஸ் நாற்காலியிலிருந்து பாதி எழுந்தார். அதற்குள் அவள் எழுந்து பந்தை வீசிவிட்டு, பாவாடையைத் தட்டிக்கொண்டு தன் இடத்துக்குப் போய்விட்டாள். அவர் உட்கார்ந்தார்.

நாலாவது பந்து. வீச்சு சரியாக விழுந்தது. பந்து பிள்ளைகளைத் தாண்டி ஓடியது. ஓடி, நின்றது.

“ஃபோர்,” என்றார்கள் மூவரும். படியிலிருந்தவர்களும் சேர்ந்து சொன்னார்கள்.

“இல்லல்ல,” என்றார் சார்லஸ். “எல்லைக்கு முன்னாடியே நின்னுடுச்சு. நான் பாத்துக்கிட்டேதானே இருக்கேன். ஒரு ரன்னு.”

“ஃபோர் சார்.”

“அம்பயர் நானா நீங்களா?”

“நீங்கதான் சார். ஆனா ஃபோர்.” பந்தைத் தடுக்க வேண்டிய பெண்ணே சொன்னாள்.

“பவுலிங் போட்ட நானும் சொல்றேன் சார், ஃபோர்,” என்றார் டீச்சர். “கிட்டப் போயி பாருங்களேன்.”

சார்லஸ் எழுந்து போனார். ஹுமாயூனும் கூடப் போனார். அவருக்குமே நாற்காலிப் பக்கத்திலிருந்து பந்து நீளப் புல்லுக்கு முன்னாலேயே நிற்பது போலத்தான் தெரிந்தது. இரண்டும் ஒரே பச்சை. எது எங்கே முடிகிறது என்று கண்ணுக்குப் பிடிபடவில்லை. கிட்டப் போனால், விளிம்பைத் தாண்டி ஒரு முழம் உள்ளே, நீளப் புல்லுக்கு நடுவில் பந்து பாதி புதைந்து கிடந்தது.

சார்லஸ் குனிந்து அதை எடுக்கப் போய், எடுக்காமல் நிமிர்ந்தார். திரும்பிப் பிள்ளைகளைப் பார்த்தார். ஒருத்தரும் அவர் தீர்ப்புக்குக் காத்திருக்கவில்லை. சத்யப்பிரியா ஏற்கெனவே அடுத்த பந்துக்கு முழங்காலை மடித்துவிட்டாள்.

“ஸ்கோர் யார் எழுதறது?” என்று கேட்டார்.

“எட்டுன்னு எழுதணும் சார்,” என்றார் டீச்சர். “சுத்தமா பார்வை இல்லாதவங்க அடிச்சா எங்க ஆட்டத்துல ரெண்டு பங்கு.”

“எட்டு,” என்றார் சார்லஸ். பிறகு ஹுமாயூன் தோளில் கை வைத்தார். “ஃபாக்டரிக்குப் போன் போடுங்க தம்பி. நாளைக்கு வெட்டறதுக்குள்ள சொல்லிடணும்ல? அந்தக் குடும்பத்துக்கிட்ட நான் பேசிக்கிறேன். தெறப்பு விழா அன்னிக்கி ஒரு ஓவர் ஆடச் சொன்னாப் போதும், அவுங்களுக்கே வெளங்கும்.”

ஹுமாயூன் வேப்ப மரத்தடியிலேயே நின்று போன் போட்டார். மறுமுனையில் இருந்தவருக்கு ஒன்றும் பிடிபடவில்லை.

“பன்னெண்டு எம்.எம்.மா? ஸ்கூலுக்கா? ...ஆமா, எழுதிக்கங்க. மணல் மட்டும். ரப்பர் வேணாம். ...சறுக்கு எடத்துக்கு முப்பது, அடியில பாய். ...அம்பது கேன்சல் இல்லீங்க, கொறச்சிக்கங்க. ஒரு மீட்டர் அகலத்துக்குச் சுத்தி வர்றதுக்கு மட்டும். ...அலங்காரத்துக்கு இல்லீங்க. அதான் பவுண்டரி. ...நான் பதினஞ்சு வருஷமா இந்தத் தொழில்ல இருக்கேன், எனக்கும் நேத்துதான் தெரியும். எழுதுங்க.”

எதிர்முனை வேறு ஏதோ கேட்டது. ஹுமாயூன் தயங்கி, போனைக் கையால் பொத்திக்கொண்டார். இந்தப் பள்ளியில் கேட்கத் தேவையில்லாத ஒன்று என்று விட்டுவிடத்தான் பார்த்தார். இரண்டு நாளில் அவருக்கு வேறொரு பழக்கம் வந்திருந்தது.

“டீச்சர், கலரு எதுன்னு கேக்கறாங்க.”

“கரும்பச்ச,” என்றார் அனுப்பிரியா டீச்சர், யோசிக்காமலே. “எங்க டீம்ல அஞ்சு பேருக்கு லேசா பார்வை இருக்கு. பந்து வெள்ள. தரை எவ்வளவுக்குக் கறுப்பா இருக்கோ அவ்வளவுக்கு அவுங்களுக்குப் பந்து தெரியும்.” சொல்லிவிட்டு, பந்தைக் கையில் உருட்டிக்கொண்டே சிரித்தார். “சுத்துல வர்ற நீளப் புல்ல மட்டும் வெளிர் பச்சையா அனுப்பச் சொல்லுங்க. அம்பயருக்கும் எல்ல தெரியணும்ல.”

ஹுமாயூன் அதையும் போனில் சொன்னார். ஒரு முறைக்கு இரு முறை சொன்னார்.